1911 ஜூலை 29: வெறுங்காலால் வென்ற கேடயம்

பத்திரிகைக் காரியாலயங்களில் விளையாட்டுச் செய்திக்கு ஒதுக்கப்படும் இடம் கடைசிப் பக்கம். அது முதற் பக்கத்துக்கு வந்துவிட்டால் மைதானத்துக்கு வெளியே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆந் திகதி, சனிக்கிழமை மாலை, கல்கத்தாவில் நடந்த ஓர் உதைபந்தாட்டம் அத்தகையது. மோகன் பகான் என்னும் வங்காளிக் கழகம், ஈஸ்ட் யோர்க்‌ஷயர் றெஜிமென்ட் என்னும் பிரித்தானியப் படையணியை 2 – 1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்து, ஐ.எஃப்.ஏ. கேடயத்தைத் தனதாக்கிக் கொண்டது. வென்ற பதினொருவரில் பத்துப் பேரின் காலில் சப்பாத்து இல்லை.

வங்காளத்தில் இக்கதையைச் சிறு பிள்ளையும் அறியும். தமிழ் வாசகரில் பலர் அறியார். அறிந்தவர்களும் இரண்டு விதமாகவே அறிந்திருக்கிறார்கள். வெறுங்கால் இளைஞர்கள் ஒரே மாதத்தில் நிகழ்த்திய அற்புதம் என்பது ஒன்று. அந்த வெற்றிதான் வங்கப் பிரிவினையை ரத்துச் செய்வித்தது, ஆங்கிலேயரின் தலைநகரையே டில்லிக்குத் துரத்தியது என்பது மற்றொன்று. இரண்டும் கேட்க இனியவை. ஆண்டுகளையும் சம்பவங்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் இரண்டும் நிலைக்கவில்லை. ஆனால் அவற்றை நீக்கிய பின்னர் எஞ்சுகின்ற கதை, அவ்விரண்டையும் விடப் பெரியது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை பள்ளிக்கூட வாசலில் தொடங்குகிறது. 1877இல் நகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற சிறுவன், கல்கத்தா மைதானத்தில் ஆங்கிலேயர் ஆடிக்கொண்டிருந்த பந்து தன் பக்கம் உருண்டு வர, அதைத் திருப்பி உதைத்தான் என்று வங்காளிகள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். பின்னர் ஹெயார் பாடசாலையில் சக மாணவரிடம் காசு சேர்த்து ஒரு பந்து வாங்கினான். வாங்கி வந்தது றக்பிப் பந்து! பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் என்பவர் அதைக் கண்டு, சரியான பந்தைக் கொடுத்து ஆட்டத்தையும் சொல்லிக் கொடுத்தார். அங்கிருந்து கல்லூரிக்குக் கல்லூரி, தெருவுக்குத் தெரு கழகங்கள் முளைத்தன.

சர்வாதிகாரியைப் பற்றி இன்னொரு செய்தியையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அவர் நடத்திய வெலிங்டன் கழகத்தில் மணி தாஸ் என்ற குயவர் குடும்பத்து இளைஞரைச் சேர்ப்பதற்கு உயர்சாதி உறுப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். சர்வாதிகாரி அந்தக் கழகத்தையே கலைத்தார். 1885இல் சோவாபஜார் கழகத்தை உருவாக்கி, மணி தாஸை அதில் சேர்த்துக் கொண்டார். அந்தச் சோவாபஜார் கழகமே 1892இல் டிரேட்ஸ் கிண்ணப் போட்டியில் ஈஸ்ட் சரே றெஜிமென்டை 2 – 1 எனத் தோற்கடித்தது. வெள்ளைப் படையணியொன்றை இந்திய அணி வெல்லக்கூடும் என்பது 1911க்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. ஐ.எஃப்.ஏ. கேடயம் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டான 1893இல்.

அந்த வெற்றிகளுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? வங்காளி மெலிந்தவன், கோழை, புத்தகத்துக்கும் பேனாவுக்கும் மட்டுமே ஏற்றவன் என்பது ஆங்கிலேயர் வழக்கமாகப் பாடிய பல்லவி. மெக்காலே அதை எழுதியே வைத்தார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர், 'வீரமரபினர்' என்றும் 'வீரமற்றோர்' என்றும் மக்களைப் பிரித்து இராணுவத்துக்கு ஆள் சேர்த்தபோது, அந்தப் பல்லவி அரசாங்கக் கொள்கையாயிற்று. நாளடைவில் வங்காளிகளே அதைப் பாதி நம்பத் தலைப்பட்டனர். ஒருவனை அடிமைப்படுத்துபவன் முதலிற் செய்யும் வேலை, அவனைப் பற்றிய தன் அபிப்பிராயத்தை அவனையே நம்பச் செய்வது.

சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 15ஆந் திகதி கொழும்பில் வந்திறங்கி, கண்டி, அநுராதபுரம், யாழ்ப்பாணம் வழியாகத் தமிழகம் சென்ற வரலாறு நம்மவருக்குத் தெரியும். அந்தப் பயணத்தின்போது சென்னையில் ஆற்றிய சொற்பொழிவில், கீதை படிப்பதைக் காட்டிலும் உதைபந்தாடுவதால் சொர்க்கத்தை அணுகலாம் என்று இளைஞருக்குச் சொன்னார். கீதையைக் குறைத்துப் பேசுவது அவர் நோக்கமன்று. உடல் வலுவுள்ளவனுக்கே கீதையும் சரியாக விளங்கும் என்பது அவர் கருத்து. கல்கத்தாவில் வளர்ந்தவர் வாயில் அந்த உவமானம் வந்ததில் வியப்பில்லை. அவர் ஊரில் அப்போது சந்துக்குச் சந்து பந்து உருண்டுகொண்டிருந்தது.

மோகன் பகான் 1889 ஆகஸ்ட் 15ஆந் திகதி வட கல்கத்தாவில் பிறந்தது. மோகன் பகான் வில்லா என்னும் மாளிகையின் பெயரே கழகத்தின் பெயரானது. முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ். பின்னாளில், 1914இல், சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர் இவரே. கழகத்துக்கு முதலில் 'ஸ்போர்ட்டிங் கிளப்' என்றே பெயர். முதலாவது ஆண்டு விழாவுக்கு வந்த பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் றோ, "இங்கே துப்பாக்கி சுடுதல், தூண்டில் போடுதல் எல்லாம் உண்டா?" என்று விசாரித்தாராம். இல்லை என்றதும், 'அத்லெட்டிக் கிளப்' என்பதே பொருத்தம் என்றார். பெயர் அவ்வாறே மாறியது. கழகத்தின் தொட்டிலைக் கல்லூரிகள் எவ்வாறு ஆட்டின என்பதற்கு இச்சிறு நிகழ்ச்சி சான்று.

தொடக்க ஆண்டுகளில் சொல்லிக்கொள்ளத்தக்க வெற்றி எதுவும் இல்லை. 1900ஆம் ஆண்டளவில் செயலாளர் பொறுப்பை ஏற்ற சைலேந்திரநாத் போஸ் இராணுவத்தில் சுபேதார் மேஜராக இருந்தவர். ஒழுங்கான உடற்பயிற்சி, இடைவிடாத ஓட்டம், நேரந் தவறாமை ஆகியவற்றை அவர் கட்டாயமாக்கினார். பலன் மெல்ல மெல்ல வந்தது. 1905இல் சின்சுராவில் நடந்த கிளாட்ஸ்டன் கிண்ணத்தில் டல்ஹவுசி அணியை 6 – 1 என வென்றது. 1906, 1907, 1908 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ச்சியாக டிரேட்ஸ் கிண்ணத்தை வென்றது. 1909இல் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியில் நுழைந்து தோற்றது. 1910இலும் தோற்றது.

ஆகவே, 1911இல் அற்புதம் எதுவும் நிகழவில்லை. இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு அறுவடைக்கு வந்தது.

அணியில் யார் யார் இருந்தனர்? கோல்காப்பாளர் ஹீராலால் முகர்ஜி. பின்னணியில் பூதி சுகுலும் சுதிர் சட்டர்ஜியும். நடுவில் மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீலமாதவ் பட்டாச்சார்யா. முன்னணியில் கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், பிஜய்தாஸ் பாதுரி, அணித் தலைவர் சிவதாஸ் பாதுரி. பிஜய்தாஸும் சிவதாஸும் சகோதரர்கள். அபிலாஷும் ராஜேனும் ஸ்கொட்டிஷ் சேர்ச் கல்லூரி மாணவர்கள். சுதிர் சட்டர்ஜி கிறிஸ்தவர்; பவானிப்பூரிலிருந்த லண்டன் மிஷன் கல்லூரியில் ஆசிரியர்; பின்னர் குருவானவரானவர். சப்பாத்து அணிந்து ஆடியவர் அவர் ஒருவரே. பூதி சுகுலின் குடும்பம் வட இந்தியாவிலிருந்து வந்தது. வேறு பலரின் பூர்வீகம் கிழக்கு வங்காளம்.

போட்டி ஜூலை 10ஆந் திகதி ஆரம்பமாயிற்று. முதற் சுற்றில் எதிரணி செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி. மோகன் பகானுக்கு 3 – 0 வெற்றி. நாட்டின் முதன்மையான கேடயத்தில் ஒரு கல்லூரி அணி சரிக்குச் சரியாய்ப் பங்குபற்றிய காலம் அது. 14ஆந் திகதி றேஞ்சர்ஸ் அணியை 2 – 1 என வென்றனர். 19ஆந் திகதி றைஃபிள் பிரிகேட்டை 1 – 0 என வீழ்த்தினர். அதுவரை பந்தயம் பார்க்க வராதவர்களும் அதன் பின் வரத் தொடங்கினர். 24ஆந் திகதி அரையிறுதியில் மிடில்செக்ஸ் றெஜிமென்டுடன் 1 – 1 என்ற சமநிலை. இரண்டு நாள் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் 3 – 0 என்ற தெளிவான வெற்றி. இரண்டரை வாரத்தில் ஐந்து ஆட்டங்கள். வென்ற மூன்று சுற்று எதிரணிகள் பூட்ஸ் அணிந்தவை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதாது; மாதம் ஜூலை என்பதையும் நினைக்க வேண்டும். வங்காளத்தில் ஜூலை அடைமழைக் காலம்.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். மாலையானால் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் வெறுங்காலுடன்தான் பந்தடித்தோம். தமிழ்ப் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், ஓரிரு பறங்கிப் பிள்ளைகள். சப்பாத்து வைத்திருந்தவன் ஒருவனே. அவன் எந்தப் பக்கம் என்பதற்கே தினமும் சண்டை. ஈரத்தில் வெறுங்காலுடன் ஆடியவனுக்குச் சில விஷயங்கள் தெரியும். நனைந்த தோற்பந்து பாரமேறிக் கல்லாகிவிடும். நின்ற நிலையில் திரும்ப முடியாது, கால் வழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரியின் சப்பாத்து உங்கள் கால்விரல் மேல் விழும் என்ற பயம் ஒரு கணமும் நீங்காது. வெறுங்கால் மோகன் பகானுக்கு ஒரு வசதி என்று எழுதுபவர்கள் சேற்றில் ஆடியவர்கள் அல்லர். அது அவர்களின் பாதகம். அதை மீறத்தான் வேகமும், குறுகிய தூரத்துக்குப் பந்தைக் கைமாற்றும் நுட்பமும், ஒருவர் நிற்கும் இடத்தை மற்றவர் பாராமலே அறியும் பழக்கமும் வேண்டியிருந்தன. அவை இருபது நாளில் வருபவை அல்ல.

இறுதியாட்டத்துக்கு வந்த கூட்டத்தை அறுபதாயிரம் என்றும் ஒரு இலட்சம் என்றும் பலவாறு கணித்திருக்கிறார்கள். அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும்கூட ஆட்கள் வந்தனர். ஈஸ்ட் இந்தியன் றயில்வே விசேட ரயில்களை ஓட்டியது. மேலதிகமாகப் படகுச் சேவைகள் நடந்தன. மைதானத்தின் ஓரத்தில் நின்ற பெரும்பாலோருக்கு ஆட்டம் கண்ணிற் படவேயில்லை. கோல் கணக்கை எழுதிப் பட்டமாகப் பறக்கவிட்டார்கள். தூரத்தில் நின்றவர்கள் வானத்தைப் பார்த்து நிலைமையை அறிந்தார்கள். வானொலி இல்லாத காலத்தில் அதுவே நேர்முக வர்ணனை.

முதலில் கோல் போட்டது ஈஸ்ட் யோர்க்‌ஷயர். அதன் தலைவர் ஜாக்சன் அடித்த பந்து வலைக்குள் சென்றது. கூட்டம் உறைந்தது. நேரம் கரைந்துகொண்டிருந்தது. ஆட்டம் முடிய ஒரு சில நிமிடங்களே இருந்த வேளையில் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். பின்னர், ஏறத்தாழக் கடைசித் தறுவாயில், சிவதாஸ் பந்தைக் கொண்டு முன்னேறிக் கொடுக்க, அபிலாஷ் கோஷ் அதைக் கோலாக்கினார். மத்தியஸ்தர் ஊதினார். அதற்குப் பின் நடந்ததைக் கொண்டாட்டம் என்ற ஒரு சொல்லில் அடக்க முடியாது. சட்டைகள், குடைகள், செருப்புகள், கைத்தடிகள் யாவும் வானில் பறந்தன என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு ஆர்வம் தருவது மறுநாட் பக்கங்கள். 'நாயக்' என்ற வங்காளி இதழ், சோறுண்டு மலேரியாவில் வாடும் வெறுங்கால் வங்காளி, மாட்டிறைச்சி உண்டு கொழுத்த சப்பாத்துக்கால் ஆங்கிலேயனை வென்றான் என்ற பொருள்பட எழுதி மகிழ்ந்தது. 'தி முஸல்மான்' என்ற இதழ், தம் இந்துச் சகோதரரின் வெற்றியில் முஸ்லிம் விளையாட்டுக் கழகத்தார் பித்துப் பிடித்தவர்போல் ஆனந்தப்பட்டனர் என்று எழுதியது. இங்கிலாந்தின் 'மான்செஸ்டர் கார்டியன்' பத்திரிகையோ, இதில் வியக்க எதுவுமில்லை, உடற்தகுதியும் கூரிய கண்ணும் புத்தியும் உள்ள அணி வெல்வது இயல்பு என்று நிதானமாகக் குறிப்பிட்டது. மூன்றிலும் ஆட்டத்தை ஆட்டமாகப் பார்த்தது கடைசியாகச் சொன்னதே. ஆயினும் மற்ற இரண்டும் எழுதியதற்கு அவற்றின் வாசகர் வாழ்ந்த வாழ்வே நியாயம்.

இனிப் பிரிவினைக்கு வருவோம். 1905 அக்டோபர் 16ஆந் திகதி கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். 1911 டிசம்பர் 12ஆந் திகதி டில்லி தர்பாரில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அதை ரத்துச் செய்து, தலைநகரம் டில்லிக்கு மாறும் என்றும் அறிவித்தார். இடையில் ஜூலை. மாதங்களின் வரிசையைப் பார்ப்பவருக்கு, ஒன்று மற்றதன் காரணம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த யோசனையை வைசிராயின் நிருவாக சபை உறுப்பினர் ஜோன் ஜென்கின்ஸ் 1911 ஜூன் மாதமே எழுத்தில் முன்வைத்துவிட்டார். முதற் சுற்று ஆட்டத்துக்கே அப்போது நாட்கள் இருந்தன. பிரிவினையை அசைத்தவை ஆறாண்டுச் சுதேசி இயக்கமும், அந்நியத் துணிப் பகிஷ்காரமும், சிறைகளை நிரப்பிய இளைஞரும் ஆவர். அவர்களின் கணக்கில் இருப்பதைப் பதினொரு ஆட்டக்காரரின் கணக்கில் எழுதுவது, இரு தரப்புக்கும் அநீதி.

மைதானத்திலேயும் அந்த வெற்றி கதவுகளை உடனே திறந்துவிடவில்லை. கல்கத்தா லீக் போட்டி அப்போது ஐரோப்பியருக்கே உரியது. கேடயம் வென்ற மோகன் பகான் லீக்கின் இரண்டாம் பிரிவில் இடம்பெற 1914 வரை காத்திருந்தது. முதற் பிரிவுக்கு 1915இல் வந்தது. 1923இல் மீண்டும் கேடய இறுதியாட்டத்துக்கு வந்து கல்கத்தா அணியிடம் 3 – 0 எனத் தோற்றது. லீக்கை முதன்முதலில் வென்றது 1939இல். 1911இன் வெற்றி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொல்பவர்கள் இந்த இருபத்தெட்டு ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். வென்ற மறுநாளும் பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது.

வெறுங்கால் மரபின் எஞ்சிய வரலாற்றையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினரில் பலர் வெறுங்காலுடனே ஆடினர். இரண்டு தண்டனை உதைகளைத் தவறவிட்டுப் பிரான்சிடம் 2 – 1 எனத் தோற்றனர். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா 10 – 1 என நொறுக்கியது. அதன் பின்னர் சப்பாத்து கட்டாயமாயிற்று. பெருமையாய்ச் சொல்லி வந்த ஒன்றைக் கைவிடுவதற்கும் தைரியம் வேண்டும். சப்பாத்து அணிந்த இந்திய அணி 1962இல் ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் வென்றது.

இக்கதையில் என்னை உறுத்துவது வேறொன்று. 'தி முஸல்மான்' எழுதிய அந்த வாக்கியம். 1911இல் ஓர் இந்துக் கழகத்தின் வெற்றியில் முஸ்லிம்கள் ஆனந்தித்தார்கள். 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகளும் கல்கத்தா லீக்கை மொஹமடன் ஸ்போர்ட்டிங் வென்றது. லீக்கை வென்ற முதலாவது இந்தியக் கழகம் அதுவே. 1936இல் கேடயத்தையும் வென்றது. மோகன் பகானுக்குப் பின் கால் நூற்றாண்டு கழித்துக் கேடயம் வென்ற இரண்டாவது இந்திய அணியும் அதுவே. சாதனை என்று பார்த்தால் 1911ஐ விஞ்சியது. ஆனால் அந்த வெற்றிகளை ஊர் ஒன்றாகக் கொண்டாடவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அரசியல் மக்களைப் பிரித்துவிட்டது. மைதானத்தின் வேலிக்குள்ளும் பிரித்துவிட்டது. 1946 ஆகஸ்டில் அதே கல்கத்தாவின் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

ஜூலை என்றால் எங்கள் தலைமுறைக்கு நினைவு வருவது 1983. அதற்கு முந்திய மாலை வரை எங்கள் ஒழுங்கையில் யார் எந்தப் பக்கம் என்பதைப் பந்துதான் தீர்மானித்தது. அதன் பின்னர் சில பிள்ளைகள் யாழ்ப்பாணம் போனார்கள், சிலர் கப்பலேறினார்கள், சிலர் திரும்பி வந்தும் பந்தடிக்க வரவில்லை. சேர்ந்து மகிழ்வது ஒரு சமூகத்துக்கு இயல்பாக வாய்ப்பதென்று நினைக்கிறோம். அதுவும் பயிற்சியால் வருவதே. விட்டுவிட்டால் கால் மறந்துவிடுகிறது.

மோகன் பகானைச் சுற்றி ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. இறுதியாட்டம் முடிந்து வீரர்கள் வெளியே வந்தபோது ஒரு முதியவர், வில்லியம் கோட்டையின் உச்சியில் பறந்த பிரித்தானியக் கொடியைக் காட்டி, "அது எப்போது இறங்கும்?" என்று கேட்டாராம். மோகன் பகான் மறுபடி கேடயம் வெல்லும் ஆண்டில், என்று விடை வந்ததாம். அப்படி ஒருவர் கேட்டாரா என்பதற்குச் செய்தியாளன் ஏற்கத்தக்க சாட்சி இல்லை. கதை பின்னாளில் கட்டப்பட்டதாகவே இருக்கலாம். ஆனால் மோகன் பகான் இரண்டாவது தடவையாக ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற ஆண்டு எது என்பதில் ஐயமில்லை. அது 1947.

கொடி இறங்கியது. அதே ஆண்டில் வங்காளம் மறுபடியும் பிரிந்தது. இம்முறை அதை ரத்துச் செய்ய எந்த மன்னரும் வரவில்லை. 1911 அணியினர் பலரின் பூர்வீக ஊர்கள் எல்லைக்கு அப்பால் வேறொரு நாடாயின. இன்றும் ஜூலை 29ஆந் திகதியைக் கழகத்தார் மோகன் பகான் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்நாளில் அப்பதினொருவரின் பெயர்களும் வாசிக்கப்படும்போது, அவற்றுள் கிழக்கு வங்காளத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், கிறிஸ்தவர் யார், வடக்கிலிருந்து வந்த குடும்பத்தவர் யார் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பதினொருவர் என்று மட்டுமே எண்ணுகிறார்கள்.